ஒரே டேபிளில் மூன்று தேடல் இன்டெக்ஸ்: எங்கே சறுக்குகிறார்கள்

கொழும்பில் மென்பொருள் எழுதினால் மும்மொழித் தேடல் என்றாவது ஒருநாள் தலையில் விழும். அண்மையில் வெள்ளவத்தைப் புத்தகக் கடை ஒன்றுக்காக இரண்டு தம்பிமார் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். தமிழ், சிங்கள, ஆங்கிலத் தலைப்புகளுக்குத் தனித்தனி இன்டெக்ஸ், அதாவது வேகமாகத் தேட உதவும் சொற்பட்டியல். புதிதாக வருகிற எல்லோரும் விழுகிற அதே குழியில்தான் அவர்களும் நின்றார்கள்.

இன்டெக்ஸுக்கு ஒரு மொழி, தேடலுக்கு இன்னொன்று

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். இன்டெக்ஸ் போடும்போது மொழி அமைப்பை, அதாவது எந்த மொழியின் விதிப்படி சொற்களை வெட்டுவது என்பதை, சொல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நிறுத்திவிடும். தேடும்போது அப்படி நிறுத்தாது. சர்வரின் இயல்பு அமைப்பை எடுத்துக்கொண்டு பேசாமல் ஓடும். தம்பி ஒருவரின் லேப்டாப்பில் அது சொல்லை வெட்டாத 'சிம்பிள்', சர்வரில் ஆங்கில விகுதிகளை வெட்டும் 'இங்கிலிஷ்'.

சிங்களத்துக்குத் தனி அமைப்பு இல்லாததால் அந்தத் தலைப்புகளை 'சிம்பிள்' முறையில் சேமித்திருந்தார்கள். அவற்றுக்குள் ஆங்கிலச் சொற்களும் கலந்திருக்கும். 'ரன்னிங்' என்ற சொல் அங்கே அப்படியே கிடக்கும். சர்வரோ அதை 'ரன்' என்று வெட்டித் தேடும். புத்தகம் தட்டில் இருக்க, திரையில் 'இல்லை' என்று வரும். பிழைச்செய்தி கிடையாது. வெட்டுப்படாத சொற்கள் சரியாகவே கிடைப்பதால் சோதனையிலும் தப்பிவிடும். வாங்க வந்தவர் திரும்பிப் போன பிறகுதான் கடைக்காரருக்கே தெரியவரும்.

தேடலுக்காக வெட்டிய சொற்களின் தொகுப்பான டிஎஸ்வெக்டருக்கு டேபிளில் தனி காலம் (column) வைக்காமல், அதைக் கணக்கிடும் கோவைமீது (expression) நேரடியாக இன்டெக்ஸ் போட்டிருந்தால் சேதம் வேறு விதம்: தேடலில் அதே கோவை அப்படியே இல்லாவிட்டால் இன்டெக்ஸைத் தொடாமல் முழு டேபிளையும் வாசிக்கும். விடை சரிதான், வேகம் போய்விடும். சிறிய டேபிளில் இது கண்ணில் படாது. தேடல் எந்த வழியில் ஓடுகிறது என்று காட்டும் 'எக்ஸ்பிளெயின்' போட்டுப் பாருங்கள், தம்பி. 'சீக்வென்ஷியல் ஸ்கேன்' (முழு டேபிள் வாசிப்பு) என்று வந்தால், தற்காலிகமாக அந்த ஸ்கேனை முடக்கி இன்னொருமுறை ஓட்டுங்கள். அப்போதும் இன்டெக்ஸ் பெயர் வராவிட்டால் கோவை பொருந்தவில்லை.

ஆகவே மொழிக்கொரு தேடல் ஃபங்ஷன் எழுதுங்கள். அமைப்பின் பெயர் அதற்குள் மட்டும் இருக்கட்டும். தமிழுக்கு 'தமிழ்' அமைப்பு 12ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது, விகுதிகளை வெட்டித் தரும். சிங்களத்துக்கு, சேமிக்கும்போதும் தேடும்போதும் 'சிம்பிள்'.

வெற்றுக் காலத்தை ஒட்டுவது

தலைப்போடு மதிப்பே இல்லாத (null) காலத்தை ஒட்டினால் முழுக்கோவையும் வெற்றாகிவிடும், அந்தப் புத்தகம் தேடலிலேயே வராது. வெற்று இடத்தில் மாற்று மதிப்பைத் தரும் 'கோலெஸ்' போடுங்கள்.

ஓடும் சர்வரில் இன்டெக்ஸ்

இன்டெக்ஸ் கட்டளையில் 'கன்கரண்ட்லி' சேருங்கள், அது கட்டும்போது டேபிளில் எழுதுவதைத் தடுக்காது.

தேவையில்லாத நான்காவது

இந்தத் தேடலுக்குப் போடும் 'ஜின்' (GIN) வகை இன்டெக்ஸ் ஒவ்வொன்றும் எழுதும் வேகத்தைக் குறைக்கும். தலைப்புக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று என்று பெருக்காமல், அந்தந்த மொழியின் ஒரே டிஎஸ்வெக்டரில் எடை (முக்கியத்துவம்) பிரித்து வையுங்கள்.