வயிற்றில் பிள்ளையோடு பிள்ளைக் காம்பராவில் வேலை செய்வது எப்படி

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிற தாய்மாரின் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், 23 வருசமாக இருக்கிறேன். வாசல் போர்டில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று எழுதியிருக்கிறது, லயத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. என்னோடு வேலை செய்கிற பிள்ளை இப்போது 3 மாதக் கர்ப்பம். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் 2 வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அடுத்ததைச் சுமக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

விஷயம் சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி. கொப்புளிப்பான் வரவைக்கும் வைரஸ் இருக்கிற அதே ஹெர்பீஸ் குடும்பம். நமக்கு வந்தால் லேசான காய்ச்சல், பல பேருக்கு அதுகூட இல்லை. வந்தால் சாகும்வரை உடம்பிலேயே ஒளிந்திருக்கும். வயிற்றுப் பிள்ளைக்குப் போனால்தான் வில்லங்கம்: காது கேளாமை, மூளை வளர்ச்சியில் குறை. அமெரிக்கக் கணக்குப்படி பிறக்கும் 200 குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கிறது. அந்தக் குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்கு நீண்டகாலப் பாதிப்பு வருகிறது.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள், “எனக்கு எப்பவோ வந்து போயிருக்கும் அக்கா, எத்தனை புள்ளைகளைத் தூக்கியிருக்கேன்” என்றாள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பேராதனையில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படித்த என் மகள்தான் அதைத் திருத்தினாள்.

மகள் தேயிலையை வைத்துச் சொன்னாள். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.ஆர்.ஐ. 2025 என்ற ரகம் போன்ற வீ.பி. தேயிலை எல்லாம் தண்டு வெட்டி நட்டது, மலை முழுக்க ஒரே சாயல். பழைய விதைத் தேயிலை மலையில் ஒரு செடி மாதிரி அடுத்த செடி இருக்காது. சி.எம்.வி. விதைத் தேயிலை மாதிரி. அதன் மரபுச் சரம் ஏறக்குறைய 2,35,000 எழுத்து நீளம், மனிதரைப் பிடிக்கும் ஹெர்பீஸ் வைரஸ்களில் அதுதான் பெரியது. பெரும்பகுதி எல்லா ரகத்திலும் ஒன்றுதான். சில இடங்கள் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். உறையில் இருக்கும் ஜி.பி. என்ற புரதத்துக்கு முக்கியமாக 4 வகை, யூ.எல். 146 என்ற மரபணுவுக்கு 14 வகை. இரண்டு ரகம் ஒரே உடம்பில் சேர்ந்தால் துண்டு மாற்றிக்கொண்டு புதுக் கலப்பும் உண்டாகும். ஆகவே ஒரு ரகம் வந்து போனவரை இன்னொரு ரகம் மறுபடி பிடிக்கலாம்.

அமெரிக்காவின் அலபாமாவில் இதைப் பார்த்து 2001இல் வெளியிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்தது ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருந்த 46 தாய்மாரை. அவர்களில் 16 பேரின் குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே தொற்று. அந்த 16 பேரில் 10 பேரின் இரத்தத்தில், முன்பு இல்லாத வேறு ரகத்துக்கான எதிர்ப்பொருள் புதிதாகத் தெரிந்தது. குழந்தை தப்பிய 30 பேரில் 4 பேருக்குத்தான் அப்படி. அதனால் இரத்தச் சோதனையில் ‘முன்பே வந்திருக்கிறது’ என்று வந்தால் ஆபத்துக் குறைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆபத்தே இல்லை என்று அல்ல.

எந்த ரகம் பொல்லாதது என்று எல்லோரும் கேட்கிறார்கள், நானும் கேட்டேன். ஓர் ஆய்வு ஜி.பி. வகைக்கும் காது கேளாமைக்கும் தொடர்பு உண்டு என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. ஒரே குழந்தையிடம் இரண்டு மூன்று ரகம் சேர்ந்திருப்பதால் கணக்குக் குழம்புகிறது. கிளினிக்கில் டாக்டரிடம் ரகம் கேட்டு நிற்க வேண்டாம்.

சரி, கைவேலைக்கு வருவோம். வைரஸ் இருப்பது சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் மூத்திரத்திலும். நோயே தெரியாமல் மாதக்கணக்கில், சிலரிடம் வருசக்கணக்கில் வெளியாகும். எந்தப் பிள்ளை என்று தேடிப் பிடிக்க முடியாது, ஒரு பிள்ளையை ஒதுக்கவும் கூடாது. எல்லோரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுங்கள்.

நம்மிடம் பெரிய கெட்ட பழக்கம் மிச்சத்தைச் சாப்பிடுவது. திரிபோஷா உருண்டையைப் பிள்ளை பாதி கடித்துவிட்டு நீட்டும், வீணாகக்கூடாது என்று நம் வாய்க்குள் போகும். கஞ்சியின் சூட்டை அதே கரண்டியில் வாய் வைத்துப் பார்ப்போம். கீழே விழுந்த சூப்பியை நம் வாயில் வைத்துத் துடைத்துக் கொடுப்போம். இந்த மூன்றையும் நிறுத்தினாலே பெரும் பகுதி முடிந்தது. உங்களுக்கென்று தனிக் கோப்பை, தனிக் கரண்டி. சூடு பார்க்க ஒரு சொட்டைக் கையில் விட்டால் போதும். முத்தம் கொடுக்க ஆசையாக இருந்தால் நெற்றியில் கொடுங்கள், வாயில் வேண்டாம்.

மூத்திரத் துணி மாற்றினாலும், மூக்குத் துடைத்தாலும், எச்சில் பட்ட பொம்மையை எடுத்தாலும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை, சோப்பு அதைக் கரைத்துவிடும். சுடுதண்ணி தேவையில்லை. மார்கழிக் காலையில் பீலித் தண்ணி விரலை வெட்டும், தெரியும். அந்த நேரத்தில்தான் நாம் சும்மா அலசிவிட்டு வருகிறோம்.

வேலையை விட வேண்டியதில்லை. பிள்ளைகளைத் தூக்குவதாலும் அணைப்பதாலும் பயம் இல்லை.

பிறந்த பிறகு நாள் கணக்கு ஒன்று இருக்கிறது. என் தம்பி மகனுக்குக் காது கேட்கவில்லை என்று 4 வயசில்தான் தெரிந்தது. சி.எம்.வி. வயிற்றிலேயே பிடித்ததா, பிறந்த பிறகு ஒட்டியதா என்று அப்போது சொல்ல முடியவில்லை. பிறந்து 21 நாளுக்குள் மூத்திரமோ எச்சிலோ எடுத்துப் பார்த்தால்தான் அது தெரியும். 31ஆம் நாள் துடக்குக் கழித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தால் காலம் போய்விடும். தாய்ப்பாலிலும் வைரஸ் இருக்கலாம், ஆகவே எச்சிலில் இருப்பதாக வந்தால் மூத்திரத்திலும் பார்த்து உறுதி செய்வார்கள். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டாம், நிறைமாதக் குழந்தைக்கு அதனால் கெடுதல் இல்லை.

தலை சின்னதாக இருந்தால், உடம்பில் ஊதாப் புள்ளி இருந்தால், மஞ்சள் காமாலை விடாமல் நின்றால், முதல் காதுச் சோதனையில் தேறாவிட்டால் வாய் திறந்து ‘சி.எம்.வி. பார்க்க வேண்டுமா’ என்று டாக்டரிடம் கேளுங்கள். அறிகுறியோடு பிறந்த குழந்தைக்கு வால்கான்சிக்ளோவிர் என்ற மருந்தை முதல் மாதத்திலேயே தொடங்கி 6 மாதம் கொடுப்பது உண்டு, இரத்தம் சோதித்துக்கொண்டே.

முதல் சோதனையில் தேறிய குழந்தைக்கும் பிறகு கேட்கும் திறன் குறையலாம். தொற்றோடு பிறந்தது என்று தெரிந்தால், டாக்டர் சொல்லும் ஒவ்வொரு தவணைக்கும் காதுச் சோதனைக்குக் கொண்டுபோங்கள். தகரத்தைத் தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. தரை அதிர்ந்தாலும் பிள்ளை திரும்பும். தம்பி வீட்டில் அப்படித் தட்டித்தான் 4 வருசம் போனது.