ஐந்து நிமிடம் உட்காருங்கள், அப்புறம் பிரஷர் பட்டையைக் கட்டுங்கள்

மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் என் பக்கத்து வீட்டுப் பாட்டி சந்தைக்குப் போய்விட்டு, மூன்று மாடி ஏறி வந்த கையோடு பிரஷர் பார்ப்பார். ஒரு நாள் மேல் எண் 168 காட்டியது. "ஏம்மா, மிசின் கெட்டுப்போச்சா?" என்று பதறிக்கொண்டு என் கதவைத் தட்டினார்.

மிசின் நன்றாகத்தான் இருந்தது. முப்பது வருடம் தாதியாக இருந்தவள் சொல்கிறேன், பார்க்கும் முறைதான் தப்பு.

நம் சின்னத் தமனிகளின் சுவரில் தசை வளையமாகச் சுற்றியிருக்கிறது. அதன்மேல் பரிவு நரம்புகள், அதாவது நாம் நினைக்காமலே உடம்பை உஷார்ப்படுத்தும் நரம்புகள், படர்ந்திருக்கின்றன. பயம், கோபம், குளிர் எது வந்தாலும் அவை நோரட்ரினலின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும். தசைக்குள் கால்சியம் கூடி, குழாய் இறுகும். குழாயின் ஆரம் பாதியானால் ரத்தம் ஓடுவதற்குத் தடை 16 மடங்கு! அதனால்தான் கொஞ்சம் இறுகினாலே எண் ஏறிவிடுகிறது.

எனவே முதலில் கழிப்பறைக்குப் போய் வாருங்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தாலும் இந்த நரம்புகள் கிளர்ந்தெழும். கோப்பி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதங்களையும் தரையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கால்மேல் கால் வேண்டாம். கையை மேசைமேல் வைத்தால் பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்கும். கை தொங்கினால் எண் கூடும். சட்டைக் கைமேல் கட்டாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, இரண்டையும் எழுதி வையுங்கள்.

நரம்பை இப்படி அமைதிப்படுத்தலாம். குழாயின் உட்படலம் வேறு விஷயம். ஒரே ஒரு செல் தடிமன்தான். ஆனால் தசையைத் தளரச் சொல்வதே அதுதான். 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி முயலின் தமனித் துண்டில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை இட்டுப் பார்த்தார். உட்படலம் இருந்தால் தளர்ந்தது, சுரண்டி எடுத்துவிட்டால் இறுகியது. தளர்த்தும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று பிறகு தெரிந்தது. 1998இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை தருவதும் அதே வாயுதான்.

அது சில விநாடிகளே நிற்கும் என்பதால் உட்படலம் ஓயாமல் சுரக்க வேண்டும். ரத்தம் உரசி ஓடினால் சுரப்பு கூடும். நடங்கள் என்று நான் எல்லோரையும் நச்சரிப்பது அதற்குத்தான். சிகரெட்டும் கட்டுப்படாத சர்க்கரையும் அந்தப் படலத்தைப் பாழாக்கிவிடும், ஐந்து நிமிடம் உட்கார்ந்தெல்லாம் அதை மீட்க முடியாது.

ஒரு வாரம் காலை, மாலை இரு வேளையும் பாருங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பு. சராசரி 135/85ஐத் தாண்டினால் நோட்டோடு கிளினிக்குக்குப் போங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கை கால் மரப்போ இருந்தால் நோட்டைத் தேடாதீர்கள், 999ஐ அழையுங்கள்.

பாட்டிக்கு அன்று உட்கார வைத்துப் பார்த்தபோது 142, அடுத்தது 138. இரண்டையும் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.