பாட்டாவின் தகரப் பெட்டியைத் திறக்கும் முன்

நான் வேலை பார்த்த கப்பலில் டெக் ஆட்களுக்குத் தலைவராக இருந்த போசன் பிலிப்பைன்ஸ்காரர். அவருடைய தாத்தா, அமெரிக்க ராணுவத்தில் பிலிப்பைன்ஸ்காரர்களைச் சேர்த்து அமைத்த 'பிலிப்பைன் ஸ்கவுட்ஸ்' சிப்பாய், 26ஆவது குதிரைப்படை. 1942 ஜனவரி 16 அன்று பட்டான் தீபகற்பத்தின் மோரோங்கில் ஜப்பானியர்மேல் குதிரையோடு பாய்ந்த படை அது. அமெரிக்க ராணுவத்தின் கடைசிக் குதிரைப்படைத் தாக்குதல் என்று அதைத்தான் சொல்வார்கள். அப்புறம் தீனி தீர்ந்தது, ஆட்களுக்கும் பட்டினி. மார்ச் மாதம் அந்தக் குதிரைகளையே அறுத்துத் தின்றார்கள். தாத்தா சண்டையைப் பற்றிப் பேசவே மாட்டாராம். வீட்டில் இறைச்சி வைத்தால் எழுந்து வெளியே போய்விடுவாராம். இது எந்தக் கோப்பில் இருக்கும்? பேரன் எழுதி வைத்ததால்தான் இருக்கிறது.

கோப்பையும் நம்ப முடியாது. 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ராணுவ ஆவணக் காப்பகம் எரிந்து 1.6 கோடிக்கு மேல் கோப்புகள் போயின.

கன்னியாகுமரிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்ததும் எங்கள் பாட்டாவின், அதாவது தாத்தாவின், பெட்டியைத் திறந்தேன். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையில் இருந்தவர். நான் செய்த முதல் தப்பு, டிஸ்சார்ஜ் பேப்பரை லேமினேஷனுக்குக் கொடுத்தது. சூட்டில் மை பரவி, அவருடைய படை எண்ணில் பாதி போய்விட்டது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

பெட்டியை மாசி மாதத்தில் திறங்கள். நமக்கு இரண்டு மழைக்காலம், போதாததற்கு உப்புக் காற்று. அந்த ஒரு மாதம்தான் கொஞ்சம் உலர்ந்திருக்கும். துவைத்த வெள்ளை வேட்டியை விரித்து, ஃபேனை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக வையுங்கள். துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்காமல், மெதுவாக நெம்பி எடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், இரண்டு பக்கமும் படம் எடுங்கள். போட்டோவின் பின்னால் பென்சிலில் ஏதாவது கிறுக்கியிருக்கும், அது முக்கியம். ராமபாணப் பூச்சிக்காக பாச்சை உருண்டையைக் காகிதத்தின்மேல் போடாதீர்கள்; கறை பிடிக்கும். பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. விளிம்பில் எண்ணோ பெயரோ வெட்டியிருந்தால் அதுதான் உங்கள் துப்பு, தேய்த்தால் மழுங்கிவிடும்.

எண் கிடைத்தால் தேடலாம். சாப்பர்ஸ் என்றால் தலைமையகம் பெங்களூரில். பர்மாவில் இறந்து கல்லறையே தெரியாதவர் என்றால், யாங்கோன் (பழைய ரங்கூன்) பக்கம் தௌச்சானில் உள்ள நினைவுச்சின்னத்தில் சுமார் 27,000 பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். ஒன்று கவனியுங்கள்: 'கன்னியாகுமரி' என்று தேடினால் கிடைக்காது. 1956 நவம்பர் 1 அன்றுதான் அந்த மாவட்டம் உருவானது; போர்க் காலத்தில் நாம் திருவிதாங்கூர். அதனால் டிராவன்கூர், அல்லது அன்றைய தாலுகாப் பெயர்களான கல்குளம், விளவங்கோடு என்றுதான் தேட வேண்டும்.

உண்மையில் பெட்டிக்கும் முன்னால் வயசாளிகளிடம் உட்காருங்கள். காகிதம் ஒரு மாதம் காத்திருக்கும். ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, "போர் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், "பயங்கரம்" என்று ஒரு சொல்லோடு முடிந்துவிடும். என்ன தின்றார், திரும்பி வந்தபோது கையில் என்ன கொண்டுவந்தார், எதைக் கண்டால் எரிச்சல்படுவார் என்று கேளுங்கள்.

அத்தையிடம் அப்படித்தான் கேட்டேன். பாட்டா ஒரு பட்டாளத்துக் கம்பளி கொண்டுவந்தாராம், அத்தை பிறந்ததும் அதில்தான் கிடத்தினார்களாம். கம்பளி எங்கே என்றேன்.

"பசு கன்னு போட்டப்ப விரிச்சாச்சே மக்கா."

சரி, அதையும் எழுதிக்கொண்டேன்.