உயர்நிலைப் பள்ளி முடிந்தவுடன் தாதிமைப் படிப்பு: முதல் ஆண்டுக்கு ஆயத்தமாவது எப்படி

சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள் ஜனவரியில் வெளியாகின்றன. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கிவிடுகின்றன. நன்யாங், நீ ஆன் ஆகிய இரு பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தாதிமைப் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள் நடைபெறுகிறது. அதை முடித்துச் சிங்கப்பூர்த் தாதியர் வாரியத்தில் பதிந்துகொண்ட பிறகே ஒருவர் பதிவுபெற்ற தாதியாகப் பணியாற்ற முடியும். தேர்வுக்கு முந்தைய இரவு மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பள்ளிப் பழக்கத்தை முதல் வாரத்திலேயே கைவிட வேண்டும் என்பதே புதிய மாணவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது. இங்கே படிக்கும் ஒவ்வொரு பாடமும் சில மாதங்களிலேயே ஒரு மனிதரின் உடலருகே தேவைப்படும்.

வகுப்பு தொடங்குமுன் தடுப்பூசிப் பதிவுகளைத் தேடி எடுத்து வையுங்கள். கல்லீரல் அழற்சி பி, தட்டம்மை, சின்னம்மை ஆகியவற்றுக்கு எதிர்ப்பாற்றல் உண்டா என்று மருத்துவமனைப் பயிற்சிக்கு முன்னர் கேட்பார்கள். கல்லீரல் அழற்சி பி ஊசியைப் புதிதாகப் போட வேண்டியிருந்தால் அதன் தவணைகள் முடியப் பல மாதங்கள் ஆகும். கட்டணத்தைப் பொறுத்தவரை, உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் உள்ள தொகையைப் பயன்படுத்தலாம்; வருமானம் குறைந்த குடும்பங்கள் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்திடமும் உதவி கேட்கலாம். மருத்துவமனைக் குழுமங்கள் தரும் உதவித்தொகையை ஏற்பதென்றால், படிப்புக்குப் பின் எத்தனை ஆண்டுகள் அங்கே பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தத்தைப் பெற்றோருடன் உட்கார்ந்து முழுமையாகப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

பாடங்களில் மாணவர்களை மிகவும் திணறடிப்பது உடற்கூறியலும் உடலியங்கியலும்தான். உறுப்புகளின் பெயர்ப் பட்டியலை ஒப்பிப்பதைவிட, ஓர் உறுப்பு வேலை செய்யாமல் போனால் நோயாளியிடம் என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டே படித்தால் பாடம் மனத்தில் நிற்கும். இதயத்தின் இடப்பக்கம் தளர்ந்தால் இரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. அதனால்தான் அந்த நோயாளியால் மல்லாந்து படுக்க முடியவில்லை, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். காரணம் புரிந்தால் படுக்கையை உயர்த்தி வைப்பதற்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

மருந்தளவுக் கணக்கை நாள்தோறும் போட்டுப் பழகுங்கள். 1,000 மில்லிலிட்டர் உப்புநீரை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமென்றால் மணிக்கு 125 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விடும் குழாயில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. கணக்கு எளியதுதான், ஆனால் அலகில் கவனம் தவறினால் விளைவு கொடியது: மில்லிகிராமும் மைக்ரோகிராமும் ஆயிரம் மடங்கு வேறுபடுகின்றன. விடை வந்ததும், இந்த அளவு ஒரு மனிதருக்குப் பொருந்துமா என்று ஒருமுறை நிதானித்துப் பார்க்கும் வழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

செய்முறைக்கு வீடே நல்ல இடம். தாத்தா பாட்டியின் நாடியை மணிக்கட்டில் எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. துடிப்பு சீராக இல்லையென்றால் பாதி நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்காமல், முழு நிமிடமும் எண்ணுங்கள். மூச்சை எண்ணப்போவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் மூச்சுவிடும் விதமே மாறிவிடும். ஆகவே நாடியில் வைத்த விரலை எடுக்காமல், பார்வையை மட்டும் மார்பின் ஏற்ற இறக்கத்துக்கு மாற்றி எண்ண வேண்டும். இந்தச் சிறு நுட்பத்தை வீட்டில் பழகியவர் வார்டில் தடுமாறுவதில்லை.

கைச் சுத்தம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் கைகளைச் சுத்தம் செய்ய ஐந்து தருணங்களை வகுத்திருக்கிறது: நோயாளியைத் தொடுமுன், கிருமி புகாமல் செய்ய வேண்டிய சிகிச்சை வேலைக்கு முன், உடல் திரவம் பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். கடைசித் தருணம் எளிதில் மறக்கப்படுகிறது, ஏனெனில் திரைச்சீலையையோ கட்டிலின் கம்பியையோ தொட்டதை யாரும் ஒரு செயலாக நினைப்பதில்லை. நம் பிள்ளைகளுக்கு இன்னொன்று: கோவிலில் கட்டிய கயிறு, வளையல், மோதிரம் ஆகியவற்றில் கிருமி தங்கும் என்பதால், வார்டுக்குச் செல்லுமுன் அவற்றைக் கழற்ற வேண்டும். பயிற்சி நாள் காலையில் அவசரமாக அறுப்பதைவிட, வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே விளக்கிவிடுவது அவர்கள் மனம் புண்படாமல் காக்கும்.

வார்டில் முதியவர்கள் பலர் தமிழ், மலாய் அல்லது ஹொக்கியன் என்னும் சீனக் கிளைமொழி மட்டுமே பேசுவார்கள். எங்கே வலிக்கிறது, தண்ணீர் வேண்டுமா, கழிப்பறைக்குப் போக வேண்டுமா என்ற கேள்விகளை மூன்றிலும் கற்றுக்கொள்வது ஒரு வார வேலைதான், பயனோ பெரிது. தமிழ் மூதாட்டியைப் பாட்டி என்று அழைக்கலாமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். நம் சமூகம் சிறியது. வார்டில் இருப்பவர் உங்கள் புளோக்கில் வசிப்பவராகவே இருக்கலாம். யார் படுத்திருக்கிறார், என்ன நோய் என்று உறவினர் எவ்வளவு அன்போடு கேட்டாலும் சொல்லக்கூடாது. வாட்ஸ்அப்பில் பெயரில்லாமல்கூடப் பகிரக்கூடாது.

முதன்முறை ஆழமான புண்ணைப் பார்க்கும்போது தலைசுற்றுவது இயல்பு. காலையில் சாப்பிட்டுவிட்டுச் செல்லுங்கள், முழங்கால்களை விறைப்பாக வைத்து நிற்காதீர்கள், கண் இருட்டினால் உடனே சொல்லிவிட்டு உட்காருங்கள். நீங்கள் கவனித்துக்கொண்டவர் இறந்துபோகும் நாளும் வரும். அன்று பயிற்சி ஆசிரியரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அழுகை வந்தால் அடக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு இன்னும் கற்பிக்கப்படாத ஒரு வேலையை யாராவது பரபரப்பில் செய்யச் சொன்னால், “இதை நான் இன்னும் கற்கவில்லை, நீங்கள் செய்வதை அருகிலிருந்து பார்க்கலாமா?” என்று தெளிவாகக் கேளுங்கள். மூத்தவரிடம் மறுத்துப் பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு இது கடினம் என்பது தெரியும். ஆகவே இந்த வாக்கியத்தைப் பயிற்சிக்குச் செல்லுமுன்பே நண்பர்களோடு வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.