கூலன்ட் பயன்பாட்டைக் குறைப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

மெஷினில் உலோகத்தை வெட்டும்போது சூட்டைத் தணிக்கப் பாய்ச்சும் ஆயில்-தண்ணீர்க் கலவைதான் கூலன்ட். அதைக் குறைக்க வேண்டும் என்றதும் பலரும் நேராக வால்வை மூடப் போவார்கள். கொஞ்சம் பொறுங்கள், முதல் வேலை டேங்கில் இருக்கிறது.

படி 1: கலவையை அளந்து பாருங்கள்

ரெஃப்ராக்டோமீட்டரில் (கலவையின் அடர்த்தியைக் காட்டும் சிறு கைக்கருவி) ஒரு சொட்டு கூலன்ட் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடியுங்கள். நீலமும் வெள்ளையும் சேரும் கோட்டில் ஓர் எண் தெரியும். அதைக் கூலன்ட் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் காரணியால் பெருக்கினால் கலவையில் கூலன்ட் ஆயிலின் சதவீதம் வந்துவிடும். எண் 4, காரணி 1.5 என்றால் 6 சதவீதம். கோடு மங்கலாக இருந்தால், பெரும்பாலும் மெஷினிலிருந்து கசிந்த ஆயில் கலந்திருக்கும். மேலே மிதக்கும் ஆயிலை வழித்தெடுங்கள்.

ஓட ஓட தண்ணீர் ஆவியாகி, கலவை கெட்டியாகும். ஆகவே டேங்கை நிரப்பும்போது நீர்த்த கலவையை ஊற்றுங்கள். புதிதாகக் கலக்கும்போது தண்ணீரில்தான் கூலன்ட் ஆயிலை ஊற்ற வேண்டும், ஆயிலில் தண்ணீரை அல்ல. இதை ஒழுங்காகச் செய்தாலே டேங்கைக் காலி செய்து கொட்டுவது குறைந்துவிடும். பலர் சலிப்பென்று தாண்டிப்போகும் படி இது. எனக்கு இதுதான் முக்கியம்.

படி 2: கூலன்ட் வேண்டாத வேலையைப் பிரியுங்கள்

காஸ்ட் அயர்னை உலர்வாகவே வெட்டலாம். அதிலுள்ள கிராஃபைட்டே வழுக்கலைத் தரும். தூசிக்கு உறிஞ்சி மட்டும் வையுங்கள். கார்பைடு இன்சர்ட்டால் (டூலில் மாட்டும் கடினமான வெட்டுத் துண்டு) ஸ்டீலை மில்லிங் செய்யும்போதும், அதாவது சுழலும் டூலால் வெட்டும்போதும், உலர்வாக முயலலாம். வெட்டில் சூடாகி, வெளியே வந்ததும் கூலன்ட் பட்டுச் சட்டென்று குளிரும் வெட்டு விளிம்பில் மெல்லிய விரிசல் விழும். இங்கே கூலன்டே டூலுக்கு எதிரி.

டைட்டானியம், இன்கோனெல் (சூடு தாங்கும் நிக்கல் கலப்புலோகம்) பக்கம் இந்தச் சோதனை வேண்டாம். மெக்னீசியம் வேண்டவே வேண்டாம், அதன் சிப்ஸ் (வெட்டும்போது விழும் சீவல்) தீப்பிடிக்கும்.

படி 3: எம்.க்யூ.எல். பொருத்துங்கள்

அலுமினியம் டூலில் ஒட்டிக்கொள்ளும், முழு உலர்வு ஒத்துவராது. அங்கே எம்.க்யூ.எல். (மிகக் குறைந்த ஆயிலைக் காற்றோடு தெளிக்கும் முறை) கைகொடுக்கும். வழக்கமான கூலன்ட் நிமிடத்துக்கு லிட்டர் கணக்கில் ஓடும். இதில் காற்றோடு சேர்ந்து போகும் ஆயில் பொதுவாக மணிக்கு 10 முதல் 100 மில்லிதான்.

ஆயில் தெளிக்கும் நாசிலை, டூலின் விளிம்பு ஜாப்பை (வெட்டப்படும் பொருளை) தொடும் இடத்துக்கே குறிவையுங்கள். ஸ்பிண்டிலை (மெஷினின் சுழலும் தண்டை) நிறுத்திவிட்டு, நாசில் முன் ஒரு தாளைச் சில நொடி பிடியுங்கள். மெல்லிய கறை விழுந்தால் சரி, சொட்டினால் அதிகம். இது வழுக்கல் தரும், அவ்வளவாகக் குளிர்விக்காது. சூட்டைச் சிப்ஸ்தான் தூக்கிப்போக வேண்டும் என்பதால், அவை தேங்காமல் பாருங்கள். எண்ணெய்ப் புகையை இழுக்க உறிஞ்சியும் அவசியம்.

படி 4: ஒரே ஜாப்பில் ஒப்பிடுங்கள்

பழைய முறையிலும் புதிய முறையிலும் ஒரு விளிம்புக்கு எத்தனை ஜாப் வருகிறது, ஃபினிஷ் எப்படி, அளவு நிற்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அளவு மெல்ல நகர்ந்தால், ஜாப் சூடாகி விரிகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் அந்த வேலைக்கு மட்டும் கூலன்டைத் திரும்பத் திறந்துவிடலாம்.