வெட்டும் வரிசை தப்பினால் கம்பி வீண்: சைட்டில் பொருள் கரையும் இடங்கள்

சிமெண்ட் மூட்டையை வெறுந்தரையில் அடுக்கக் கூடாது, மழையில் விடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை இங்கே எழுதப்போவதில்லை. புதிதாக சைட் பார்க்க வரும் இன்ஜினியர்களும் சொந்தமாக வீடு கட்டுகிறவர்களும் அதைச் சரியாகச் செய்துவிட்டு, கண்ணில் படாத இடத்தில் பணத்தை விடுகிறார்கள். வேலை முடியும்போது காம்பவுண்ட் மூலையில் துருவேறிக் கிடக்கும் துண்டுக் கம்பிக் குவியலைப் பார்த்தாலே எவ்வளவு விட்டார்கள் என்று தெரிந்துவிடும்.

முழுக் கம்பியில் சின்னத் துண்டு வெட்டுவது

கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. ஒரு தளத்தின் பீம்களுக்கு 16 மி.மீ. கம்பி 4.5 மீட்டரில் 16, தூணுக்கு மேல் வரும் எக்ஸ்ட்ரா கம்பி 1.5 மீட்டரில் 16 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளமானதை முதலில் வெட்டினால் ஒரு கம்பியில் இரண்டு கிடைத்து, 3 மீட்டர் மிஞ்சும். எட்டுக் கம்பியில் பீம் கம்பி முடிந்தது. மிஞ்சிய எட்டுத் துண்டையும் பாதியாக வெட்டினால் எக்ஸ்ட்ரா கம்பி பதினாறும் வந்துவிடும். குப்பைக்கு ஒன்றும் இல்லை.

நடப்பது என்ன? காலையில் கம்பிக் கட்டைப் பிரித்ததும் கைக்குச் சுலபமான சின்னத் துண்டுகளில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கே இரண்டு முழுக் கம்பி போய்விடும். பிறகு பீம் கம்பி வெட்டும்போது விழுகிற எட்டு 3 மீட்டர் துண்டுகளுக்கு வேலையே இருக்காது. 24 மீட்டர், மீட்டருக்கு 1.58 கிலோ, கிட்டத்தட்ட 38 கிலோ. ஒரு தளத்தில், ஒரே சைஸில் மட்டும் இவ்வளவு. புதுக் கம்பி விலைக்கு வாங்கியது பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த சைட்டிலும் இதே கதைதான்.

கம்பி கட்டுகிறவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு டன் கணக்கிலோ சதுர அடிக் கணக்கிலோ கூலி. குவியலில் துண்டு தேடும் நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டியது சைட் பார்ப்பவர் வேலை. ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தாள், நீளமானதிலிருந்து குறைந்தது வரை, எண்ணிக்கையோடு. பீம் ரிங் (மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) முதலில் கட்டப்படும் என்பதற்காக அதை முதலில் வெட்ட வேண்டியதில்லை. 8 மி.மீ. ஸ்லாப் கம்பி 3.6 மீட்டர் என்றால் ஒரு கம்பியில் மூன்று போக 1.2 மீட்டர் மிஞ்சும், 95 செ.மீ. ரிங் ஒன்று அதிலேயே வரும். ஆகவே ஸ்லாப் கம்பியை முன்கூட்டியே வெட்டிவைத்துவிட்டு ரிங்குக்கு வாருங்கள். துண்டுகளை சைஸ் வாரியாகப் பிரித்து, வெட்டும் மேஜைக்குப் பக்கத்திலேயே அடுக்குங்கள். தள்ளிப் போட்டால் யாரும் போய் எடுக்க மாட்டார்கள்.

அதற்காகத் துண்டுகளை இணைத்து மெயின் கம்பி ஆக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள். லேப், அதாவது இணைப்பில் இரண்டு கம்பியும் சேர்ந்து நிற்கும் நீளம், விட்டத்தைப் போல 50 மடங்கு என்றால் 16 மி.மீ.க்கு ஒவ்வொரு இணைப்பும் 80 செ.மீ. கம்பியைத் தின்னும். இணைப்புகள் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் பீமுக்கே கேடு.

மடக்கி வரும் கம்பி

சின்ன வண்டியில் ஏற்றுவதற்காக நடுவில் மடக்கி அனுப்புவார்கள். மடங்கிய இடத்தை நிமிர்த்திப் பயன்படுத்துவது நல்லதல்ல. வெட்டி எறிந்தால் நஷ்டம். நேராக அனுப்பச் சொல்லி ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

பூச்சின் கனம்

உள்சுவருக்கு 12 மி.மீ. என்று கணக்குப் போட்டு, 20 மி.மீ. பூசுவது சர்வசாதாரணம். 3,000 சதுர அடியில் அந்த 8 மி.மீ. கூடுதல், 1:5 கலவையில் (ஒரு பங்கு சிமெண்ட், ஐந்து பங்கு மணல்) சுமார் 14 மூட்டை சிமெண்ட். மணல் முக்கால் யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட் 100 கன அடி). காரணம் பெரும்பாலும் துருத்திக்கொண்டிருக்கும் நாலைந்து செங்கல்தான். அதை மூடுவதற்காகச் சுவர் முழுக்கக் கனம் ஏறுகிறது. தூக்குக்குண்டு பிடித்து, பூச்சின் கனத்தைக் காட்டும் கலவைப் புள்ளி வைத்ததும் அளந்து பாருங்கள். துருத்தியதைக் கொத்தி எடுக்க அரை மணி நேரம் போதும். சுவர் ஓரத்தில் பழைய சாக்கை விரித்துவைத்தால் சிந்தும் கலவையை மண் ஒட்டாமல் உடனே அள்ளிப் போடலாம்.

மணல் கொட்டும் இடம்

12 அடிக்கு 12 அடி இடத்தில் மண்தரையில் கொட்டினால், அடியில் 2 அங்குலம் மண்ணோடு கலந்துவிடும். அதுவே 24 கன அடி, கால் யூனிட். முதல் லோடு வருவதற்குள் உடைகல் பரப்பி மெலிசாக ஒரு காங்கிரீட் போட்டுவிடுங்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன் கலவை

பன்னிரண்டரைக்குப் பிறகு புதிதாகக் கலக்க விடாதீர்கள். சாப்பிட்டு வந்ததும் இறுகிய கலவையில் தண்ணீர் ஊற்றிக் கிளறுவார்கள். அந்தக் கலவை வீண்தான்.

சுவிட்ச் பாக்ஸ்

பூச்சுக்கு முன்பே சுவரில் பதித்துவிடுங்கள். பிறகு பதித்தால் பூசியதை உடைக்க வேண்டும்.

ரெடிமிக்ஸில் கடைசி லோடு

ரெடிமிக்ஸ் என்பது ஆலையில் கலந்து லாரியில் வரும் காங்கிரீட். கடைசிக்கு முந்தின லாரி இறங்கிக்கொண்டிருக்கும்போது மிச்சப் பரப்பை டேப் பிடித்து அளந்து, ஸ்லாப் கனத்தால் பெருக்கி, அதன் பிறகே கடைசி லோடின் அளவைச் சொல்லுங்கள். பம்ப் குழாயில் தங்குவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படியும் கொஞ்சம் மிஞ்சும். அதைக் கொட்ட, செப்டிக் டேங்க் மூடிக்குச் சட்டம் அடித்து, கம்பி வைத்து, காலையிலேயே தயாராக வைத்திருங்கள்.