இஃபுட்பால்: பாயிண்டை ஒரே இடத்தில் கொட்டாதீர்கள்

மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் சாயங்காலம் திண்ணையில் நாலு போன் சேர்ந்தால் இஃபுட்பால் என்ற கால்பந்து கேம் ஓடும். தோற்றவர் புலம்பல் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஸ்ட்ரைக்கருக்கு ரேட்டிங் 97, ஆனா ஓடவே மாட்டேங்கிறான்டா." கோளாறு ஆளிடம் இல்லை, அவன் திறன்களை ஏற்றப் பாயிண்ட் போட்ட விதத்தில்.

இதே கேம் பெஸ் என்ற பழைய பெயரில் இருந்த காலத்தில் லெவல் ஏறினால் திறன்களும் தானாக ஏறின. இப்போது ஒரு லெவலுக்கு 2 பாயிண்ட் கிடைக்கும். எதில் போடுவது என்பது நம் பாடு. பழைய ஆட்கள், பாயிண்டைத் தானாகப் பிரித்துப் போடும் ஆட்டோ பட்டனை அமுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் ஆடும் விதம் அதற்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய தவறு, ஒரே திறன் பிரிவில் கொட்டுவது. முதல் 4 படிக்குத் தலா 1 பாயிண்ட், அடுத்த 4 படிக்குத் தலா 2, பிறகு 3, 4 என்று விலை ஏறிக்கொண்டே போகும். ஷூட்டிங்கை மட்டும் 16 படி ஏற்ற 40 பாயிண்ட் காலி. அதே 40-இல் ஷூட்டிங், டெக்ஸ்டெரிட்டி, லோயர் பாடி ஸ்ட்ரெங்த் மூன்றையும் எட்டெட்டுப் படி ஏற்றி, ஏரியலிலும் (தலையால் முட்டுவது, எம்புவது) 4 படி போடலாம். மொத்தம் 28 படி. யூரியாவைப் பிரித்துப் போடாமல் ஒரே தடவையில் வீசினால் சம்பா சாய்ந்துவிடும் என்பது தெரிந்தவர்களே இங்கே கோட்டை விடுகிறார்கள்.

ஆள் ஓடவில்லை என்று டிரிப்ளிங்கில் போடுவதும் வீண். அதில் ஏறுவது பந்துக் கட்டுப்பாடு. ஓட்ட வேகம், உதையின் பலம், ஸ்டாமினா மூன்றும் லோயர் பாடி ஸ்ட்ரெங்த்தில் இருக்கின்றன. சட்டென்று கிளம்பும் வேகம் டெக்ஸ்டெரிட்டியில். கோல் போச்சர் (கோல் பக்கம் காத்திருந்து அடிக்கும் ஆட்ட ஸ்டைல்) உள்ளவனை விங்கில், அதாவது மைதான ஓரத்தில், நிறுத்தினால் அந்த ஸ்டைலே வேலை செய்யாது, எத்தனை பாயிண்ட் போட்டாலும்.

நேற்று ஹாட்ரிக் அடித்தவன் இன்றும் அடிப்பான் என்று இறக்குவது இன்னொன்று. உங்கள் போனில் அவன் அடித்த கோல் கணக்கில் வராது. நிஜ லீக்கில் அவன் ஆடியதை வைத்து வாராவாரம் A முதல் E வரை தரம் மாறும். லைவ் கார்டுகளில் (நிஜ ஆட்டத்தைப் பின்பற்றும் வீரர் கார்டுகள்) ஃபார்மைக் காட்டும் அம்பு அதைப் பொறுத்தது. அம்பு கீழே பார்த்தால் எவ்வளவு பெரிய பெயரானாலும் பெஞ்சில் உட்காரட்டும்.

மூன்று மேட்ச் தொடர்ந்து போனதும் ஃபார்மேஷன், மேனேஜர், பாயிண்ட் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் மாற்றினால் எது கோளாறு என்றே தெரியாது. முதலில் 60-ஆம் நிமிடத்தில் நிறுத்தி ஸ்டாமினா பட்டையைப் பாருங்கள். நடுக்கள ஆட்கள் இருவருக்கு அது பாதிக்குக் கீழே இருந்தால், மாற்ற வேண்டியது அவர்களைத்தான்.